டிஜே மேடையில் சோதனை மின்னணு இசை: டோர்செட் பார்க்கில் இல்லாதது எது?

கனடாவின் டொராண்டோ மாநகரில், ஸ்காபரோ பகுதியில், 401 நெடுஞ்சாலைக்குத் தெற்கே கென்னடி வீதியும் எல்ஸ்மியர் வீதியும் சந்திக்கும் சுற்றுப்புறத்தில் அமைந்துள்ளது டோர்செட் பார்க். உயர்மாடிக் குடியிருப்புகளும், இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் கட்டப்பட்ட சிறு வீடுகளும், தொழிற்கூடங்களும் கிடங்குகளும் கலந்து கிடக்கும் இந்தப் பகுதியில், பல நாடுகளிலிருந்து வந்து குடியேறியவர்களுடன் தமிழர்களும் வாழ்கின்றனர்.

ஸ்காபரோவில் வாழும் தமிழர்களுக்கு 'டிஜே' என்பவர் புதியவர் அல்ல. திருமணம், பூப்புனித நீராட்டு விழா, பிறந்தநாள் என எந்த வைபவமானாலும் மண்டபத்தின் ஒரு மூலையில் மடிக்கணினியும் ஒலிக்கலவைக் கருவியும் ஒலிபெருக்கிகளுமாக ஒருவர் நிற்பார். விருந்தினர் கேட்கும் பாடலைப் போடுவதும், நடனமாடுபவர்களைச் சோர்வடைய விடாமல் பார்த்துக் கொள்வதும் அவரது பணி.

அதே கருவிகளைக் கொண்டு, யாரும் கேட்டிராத ஒலிகளை மேடையிலேயே உருவாக்கும் இன்னொரு கலையும் உண்டு. அது சோதனை மின்னணு இசை என்று அழைக்கப்படுகிறது. இந்தக் கலையின் வரலாற்றில் டொராண்டோவுக்கு முக்கியமான இடம் இருக்கிறது. ஆனால் அந்த வரலாறு பெரும்பாலும் நடந்தேறியது நகர மையத்தில். டோர்செட் பார்க் போன்ற புறநகர்ப் பகுதிகளில் வளரும் இளைஞர்களிடம் இன்று கருவிகள் இருக்கின்றன, இசைப் பயிற்சியும் இருக்கிறது. இல்லாதது எது என்ற கேள்விக்கான விடை, இசையை விடவும் அதைக் கேட்பதற்கான இடத்தோடு தொடர்புடையது.

மேடையில் டிஜே செய்வது என்ன?

பிறர் பதிவு செய்த இசையை ஒலிக்க விடுபவரை இசைக்கலைஞர் என்று எப்படிச் சொல்வது என்ற ஐயம் பலருக்கும் உண்டு. இதற்கு விடை காண, மேடையில் நடப்பதைப் புரிந்துகொள்ள வேண்டும்.

டிஜேயிடம் குறைந்தது இரண்டு ஒலி மூலங்கள் இருக்கும். அவை இசைத்தட்டுச் சுழலிகளாகவோ, குறுந்தட்டுக் கருவிகளாகவோ, கணினியில் உள்ள கோப்புகளாகவோ இருக்கலாம். அரங்கில் ஒன்று ஒலித்துக்கொண்டிருக்கும்போது, அடுத்ததை அவர் காதுக்கருவியில் தனியே கேட்டு, இரண்டின் வேகத்தையும் அடிகளையும் பொருத்துகிறார். பின்னர் தாழ்ந்த, நடுத்தர, உயர்ந்த அதிர்வெண்களைத் தனித்தனியே கூட்டியும் குறைத்தும் ஒன்றை மற்றொன்றுக்குள் கரைக்கிறார்.

இதில் இயற்பியலும் குறுக்கிடுகிறது. இசைத்தட்டின் வேகத்தை ஏறத்தாழ 6 விழுக்காடு கூட்டினால், பாடலின் சுருதி அரைச் சுரம் உயர்ந்துவிடும். நிமிடத்துக்கு 33⅓ முறை சுழல வேண்டிய தட்டை 45 முறை சுழல விட்டால், சுருதி ஐந்து அரைச் சுரங்களுக்குச் சற்று மேல் ஏறிவிடும். வேகமும் சுருதியும் பிரிக்க முடியாதபடி பிணைந்திருந்த காலத்தில், எந்தத் தட்டை எதனுடன் சேர்ப்பது என்பது காதின் தேர்ச்சியைப் பொறுத்தே அமைந்தது. கணினி மென்பொருட்கள் இந்தப் பிணைப்பை அறுத்துவிட்டன. வேகத்தை மாற்றினாலும் சுருதியை நிலையாக வைத்திருக்க இன்று முடிகிறது. கடந்த சில ஆண்டுகளாக, பதிவான ஒரு பாடலிலிருந்து குரலையும் தாளத்தையும் மேடையிலேயே பிரித்தெடுக்கும் வசதியும் வந்துள்ளது. செராட்டோ நிறுவனத்தின் மென்பொருளில் இந்த வசதி 2022 ஆம் ஆண்டு சேர்க்கப்பட்டது.

சோதனை இசையை வழங்கும் டிஜே இன்னும் ஒரு படி மேலே செல்கிறார். அவருக்குப் பாடல் என்பது முடிந்துபோன பொருள் அல்ல, மூலப்பொருள். ஒரு பாடலின் இரண்டு வினாடித் துண்டை எடுத்துத் திரும்பத் திரும்பச் சுழல விடுவது, அதைச் சிதைத்து இரைச்சலாக்குவது, தாள இயந்திரத்தையும் ஒலியிணைப்பியையும் அதனுடன் சேர்ப்பது என அனைத்தும் பார்வையாளர் முன்னிலையிலேயே நடைபெறுகின்றன. அடுத்த நிமிடம் என்ன ஒலிக்கும் என்பது முன்கூட்டியே எழுதப்பட்டிருப்பதில்லை. தவறு நேர்ந்தால் அதுவும் எல்லோருக்கும் கேட்கும்.

1939 முதல் இன்று வரை

இசைத்தட்டுச் சுழலியை இசைக்கருவியாகக் கருதும் எண்ணம், டிஜே என்ற தொழில் பரவலாவதற்கு முன்பே தோன்றியது. அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜ் 1939 ஆம் ஆண்டு சியாட்டில் நகரில் உருவாக்கிய 'இமேஜினரி லேண்ட்ஸ்கேப் எண் 1' என்ற படைப்பில், வேகத்தை மாற்றக்கூடிய இரண்டு சுழலிகளில் ஒலிச் சோதனைத் தட்டுகள் ஒலிக்க விடப்பட்டன. 1970களின் இறுதியில் கிறிஸ்டியன் மார்க்லே, கீறப்பட்ட தட்டுகளையும் வெட்டி ஒட்டப்பட்ட தட்டுகளையும் மேடையில் வாசிக்கத் தொடங்கினார்.

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்திலுள்ள வின்சர் நகரில் வளர்ந்த ரிச்சி ஹாட்டின், இந்த இரண்டு உலகங்களையும் நடன அரங்கில் இணைத்தவர்களில் ஒருவர். 2001 ஆம் ஆண்டு வெளியான அவரது தொகுப்பு ஒன்றில், நூற்றுக்கும் மேற்பட்ட இசைப் பதிவுகள் முந்நூறுக்கும் மேற்பட்ட சிறு துண்டுகளாக வெட்டப்பட்டு, மீண்டும் புதிதாகக் கோக்கப்பட்டிருந்தன. மேடை நிகழ்ச்சிக்கென்றே வடிவமைக்கப்பட்ட ஏபிள்டன் லைவ் மென்பொருள் வெளியானதும் அதே ஆண்டில்தான். அதன் பின்னர், பதிவு செய்த இசையை ஒலிக்க விடுபவருக்கும் இசையை இயற்றுபவருக்கும் இடையில் இருந்த கோடு மேலும் மங்கியது.

டொராண்டோவின் பங்கு

கனடாவின் முதல் மின்னணு இசைக் கூடம் 1959 ஆம் ஆண்டு டொராண்டோ பல்கலைக்கழகத்தில் நிறுவப்பட்டது. விஞ்ஞானியும் இசையமைப்பாளருமான ஹியூ லெ கெய்ன் வடிவமைத்த கருவிகள் அங்கு பயன்படுத்தப்பட்டன. ஒரே ஒரு நீர்த்துளியின் ஒலியை ஒலிநாடாவில் வெவ்வேறு வேகங்களில் ஓடவிட்டு அவர் 1955 ஆம் ஆண்டு உருவாக்கிய 'டிரிப்சொடி', ஒரு சிறு ஒலித்துண்டிலிருந்து முழுப் படைப்பை எழுப்பும் முறைக்கு ஆரம்பகால எடுத்துக்காட்டு எனலாம்.

1968 ஆம் ஆண்டு மார்ச் 5 ஆம் தேதி, டொராண்டோ நகர மையத்திலுள்ள ரையர்சன் அரங்கில் ஜான் கேஜும் ஓவியர் மார்செல் டுஷாமும் மேடையில் சதுரங்கம் ஆடினர். லோவல் கிராஸ் என்பவர் வடிவமைத்த அந்தச் சதுரங்கப் பலகையின் கட்டங்களில் ஒளியை உணரும் கருவிகள் பொருத்தப்பட்டிருந்தன. காய்கள் நகரும் ஒவ்வொரு முறையும், டேவிட் டியூடர் உள்ளிட்ட இசைக்கலைஞர்கள் எழுப்பிய ஒலிகள் அரங்கைச் சுற்றியிருந்த ஒலிபெருக்கிகளுக்கிடையே இடம் மாறின. ஆட்டத்தில் டுஷாம் வென்றார். ஒலிகளைத் தேர்ந்தெடுத்து இடம் மாற்றுவதே ஒரு நிகழ்த்துகலையாக முடியும் என்பதை அந்த இரவு எடுத்துக்காட்டியது.

1976 ஆம் ஆண்டு கலைஞர்களே தொடங்கிய 'மியூசிக் கேலரி', சோதனை இசைக்கென்று நிரந்தரமான ஒரு மேடையை டொராண்டோவுக்கு வழங்கியது. இதே நகரைச் சேர்ந்த ஜான் ஆஸ்வால்ட், பிரபல பாடல்களை வெட்டிச் சிதைத்து உருவாக்கிய படைப்புகளை 1989 ஆம் ஆண்டு 'பிளண்டர்ஃபோனிக்ஸ்' என்ற குறுந்தட்டாக வெளியிட்டு இலவசமாக விநியோகித்தார். கனடிய இசைப்பதிவுத் துறையினரின் எதிர்ப்பையடுத்து, மீதமிருந்த பிரதிகள் அழிக்கப்பட்டன. பிறர் இசையை மூலப்பொருளாகக் கொள்ளும் எவரும் எதிர்கொள்ளும் சட்டச் சிக்கல் அன்றே வெளிப்பட்டது. 2012 ஆம் ஆண்டு கனடா தனது பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தி, தனிநபர்கள் வணிக நோக்கமின்றிச் செய்யும் இத்தகைய மறு ஆக்கங்களுக்கு நிபந்தனைகளுடன் இடமளித்தது. ஆனால் கட்டணம் பெற்று நடத்தப்படும் நிகழ்ச்சிகளுக்கு அந்த விலக்கு பொருந்தாது.

தமிழர்களும் இசைத்தட்டும்

தட்டுகளைத் தேர்ந்தெடுத்து வழங்குவதே ஒரு திறமை என்பதைத் தமிழர்கள் நீண்ட காலமாகவே அறிவார்கள். இலங்கை வானொலியின் மயில்வாகனம், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீட் போன்ற அறிவிப்பாளர்களுக்காகவே வானொலிப் பெட்டியைச் சூழ்ந்து அமர்ந்த நேயர்கள் பாக் நீரிணையின் இரு கரைகளிலும் இருந்தனர். டிஜே என்ற சொல்லே வானொலியில் இசைத்தட்டுகளை வழங்கியவர்களைக் குறிக்கத்தான் முதலில் பயன்பட்டது என்பது குறிப்பிடத்தக்கது.

மின்னணு இசையில் உலகப் புகழ் பெற்ற ஈழத்தமிழ்ப் பின்னணி கொண்ட கலைஞரான எம்.ஐ.ஏ. எனப்படும் மாதங்கி அருள்பிரகாசத்தின் தொடக்கத்திலும் டொராண்டோவின் நிழல் உண்டு. ரோலண்ட் நிறுவனத்தின் எம்சி-505 என்ற தாளக் கருவியைப் பயன்படுத்துமாறு அவரை ஊக்குவித்தவர், டொராண்டோவில் பிறந்த மின்னணு இசைக்கலைஞர் பீச்சஸ். அந்த எளிய கருவியில் தொடங்கிய முயற்சிகள், 2005 ஆம் ஆண்டு 'அருளர்' என்ற இசைத்தொகுப்பாக வெளியாகி உலகின் கவனத்தை ஈர்த்தன. 2007 ஆம் ஆண்டு வெளியான 'கலா' தொகுப்பில் தமிழகத்தின் உருமி மேள ஒலியும் இடம்பெற்றது.

டொராண்டோவிலேயே, யாழ்ப்பாணத்தில் பிறந்த ராப் கலைஞர் ஷான் வின்சென்ட் டி போலும், மிருதங்கக் கலைஞரும் இசைத் தயாரிப்பாளருமான யாஞ்சனும் 2020 ஆம் ஆண்டு வெளியிட்ட 'மிருதங்கம் ராப்ஸ்' காணொளிகள் பரவலான வரவேற்பைப் பெற்றன. இவை சோதனை மின்னணு இசை அல்ல. எனினும், கர்நாடக இசைப் பயிற்சியும் இன்றைய ஒலித் தயாரிப்பும் புலம்பெயர்ந்த ஒரே தலைமுறையின் கைகளில் இணைந்திருப்பதை இவை காட்டுகின்றன.

தாளக் கட்டமும் தனி ஆவர்த்தனமும்

இந்த இணைவில் ஒரு நடைமுறைச் சிக்கலும் அதற்குள் ஒரு வாய்ப்பும் ஒளிந்திருக்கின்றன. டிஜே மென்பொருட்கள் ஒரு பாடலை ஆராய்ந்து, அதன் மீது சம இடைவெளிகளைக் கொண்ட தாளக் கட்டங்களை வரைகின்றன. நான்கு நான்காக எண்ணப்படும், வேகம் மாறாத நடன இசைக்கே இந்த முறை பெரிதும் பொருந்தும். வாத்தியக் குழுவினர் ஒன்றாக அமர்ந்து நேரடியாக வாசித்துப் பதிவான பழைய தமிழ்த் திரைப்பாடல்களில், வேகம் மெல்லிதாகக் கூடியும் குறைந்தும் செல்லும். நாதஸ்வரமும் தவிலும், பறையும் அவ்வாறே. மென்பொருள் வரைந்த கட்டத்திலிருந்து பாடல் நழுவத் தொடங்கும்போது, அதைக் காதால் உணர்ந்து கையால் திருத்த வேண்டியிருக்கிறது.

எட்டு எண்ணிக்கை கொண்ட ஆதி தாளம் நான்கின் மடங்கு என்பதால் எளிதில் பொருந்திவிடும். ஏழு எண்ணிக்கை கொண்ட மிஸ்ர சாபு அவ்வாறு பொருந்தாது. நான்கடிச் சுழற்சி ஒன்றின் மீது ஏழடிச் சுழற்சி ஒன்றை ஓடவிட்டால், இரண்டும் 28 அடிகளுக்குப் பின்னரே மீண்டும் ஒன்றாகத் தொடங்கும். நிமிடத்துக்கு 120 அடிகள் என்ற வேகத்தில் இது 14 வினாடிகள். அந்த 14 வினாடிகளில் ஏற்படும் இழுபறி, நடனக் கூடத்தில் பிழையாகக் கேட்கலாம். சோதனை இசை மேடையில் அதுவே நிகழ்ச்சியின் மையமாகலாம். மிருதங்கம் பயின்ற மாணவருக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. தனி ஆவர்த்தனத்தில், பல சுற்றுகளைக் கடந்து சரியான இடத்தில் வந்து முடியும் கோர்வையும் இத்தகைய கணக்கின் மீதே எழுப்பப்படுகிறது.

முன்கூட்டியே எழுதி வைக்காமல் மேடையிலேயே கற்பனையை விரிக்கும் மரபைக் கர்நாடக இசை மனோதர்மம் என்று போற்றுகிறது. இந்த அளவுகோலைக் கொண்டு பார்த்தால், சோதனை இசை டிஜேயின் செயல் தமிழ் இசை ரசிகர்களுக்கு முற்றிலும் அந்நியமானதல்ல.

ஆனால் இந்த ஒப்பீட்டுக்கு எல்லையும் உண்டு. கச்சேரியில் பாடகருக்கும் ரசிகருக்கும் பொதுவான ஓர் இலக்கணம் இருக்கிறது. ராகம் எங்கே திரும்புகிறது, தாளம் எங்கே முடிகிறது என்பது அவையில் உள்ளோர் பலருக்கும் தெரியும். சோதனை மின்னணு இசைக்கு அத்தகைய பொது இலக்கணம் இல்லை. கேட்பவர்கள் திரும்பத் திரும்ப ஓரிடத்தில் கூடிக் கேட்டுத்தான் அதை உருவாக்கிக்கொள்ள வேண்டும். டொராண்டோ நகர மையத்தில் மியூசிக் கேலரி போன்ற அமைப்புகள் பல பத்தாண்டுகளாகச் செய்துவருவது இதைத்தான்.

கேட்பவர் இல்லாமல் போனால்

கருவியும் திறமையும் இருந்து, கூடிக் கேட்பவர்கள் இல்லாவிட்டால் என்ன நேரும் என்பதற்கு இந்தியாவிலேயே இரண்டு எடுத்துக்காட்டுகள் உள்ளன.

டொராண்டோ சதுரங்க நிகழ்ச்சியில் பங்கேற்ற டேவிட் டியூடர், அடுத்த ஆண்டே ஆமதாபாத்திலுள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் மூக் ஒலியிணைப்பியுடன் கூடிய மின்னணு இசைக் கூடம் அமைய உதவினார். 1946 ஆம் ஆண்டு நியூயார்க்கில் ஜான் கேஜுக்கு இந்திய இசையைக் கற்பித்த கீதா சாராபாய் உள்ளிட்ட இந்தியக் கலைஞர்கள் அங்கு புதிய ஒலிகளைப் படைத்தனர். சில ஆண்டுகளிலேயே அந்தக் கூடத்தின் பணி நின்றுபோனது. ஒலிநாடாக்கள் காப்பகத்தில் உறங்கின. பிரிட்டிஷ் கலைஞர் பால் பர்கஸ் அவற்றை மீட்டெடுத்ததை அடுத்து, 2023 ஆம் ஆண்டு அவை இசைத்தொகுப்பாக வெளிவந்தன. இடைவெளி ஏறத்தாழ அரை நூற்றாண்டு.

மும்பைத் திரையிசைக் கலைஞர் சரண்ஜித் சிங், ரோலண்ட் நிறுவனத்தின் மூன்று மின்னணுக் கருவிகளைக் கொண்டு பத்து ராகங்களை நடனத் தாளத்தில் வாசித்து 1982 ஆம் ஆண்டு பதிவு செய்தார். சிகாகோவில் 'ஆசிட் ஹவுஸ்' என்ற இசை வகை பிறப்பதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே, அதை ஒத்த ஒலி அதில் கேட்டது. அப்போது அதைப் பொருட்படுத்தியோர் மிகச் சிலரே. 2010 ஆம் ஆண்டு நெதர்லாந்தில் மறுபதிப்பான பின்னரே அது உலகக் கவனத்தைப் பெற்றது. முதுமையில் அவர் ஐரோப்பிய மேடைகளில் அந்த ராகங்களை மீண்டும் வாசித்தார். 2015 ஆம் ஆண்டு காலமானார்.

இதற்கு நேர்மாறான எடுத்துக்காட்டு நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதி. 1973 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 11 ஆம் தேதி, ஜமைக்காவிலிருந்து குடியேறிய குடும்பத்தைச் சேர்ந்த டிஜே கூல் ஹெர்க் தனது சுழலிகளுடன் நடத்திய விருந்தே ஹிப் ஹாப் இசையின் பிறப்பாகக் கருதப்படுகிறது. அது நடந்த இடம் இசை அரங்கு அல்ல. செட்ஜ்விக் அவென்யூவில் உள்ள ஓர் உயர்மாடிக் குடியிருப்பின் பொது அறை. அக்கம்பக்கத்து இளைஞர்கள் அத்தகைய விருந்துகளில் திரும்பத் திரும்பக் கூடியதால், ஒரு பரிசோதனை இசை மரபாக வளர்ந்தது.

இடமே பிரச்சினை

உயர்மாடிக் குடியிருப்புகளும் கிடங்குகளும் நிறைந்த டோர்செட் பார்க்கில் கட்டடங்களுக்குப் பஞ்சமில்லை. கூடி இசை கேட்பதற்கான இடங்களுக்கே பஞ்சம். 2005 ஆம் ஆண்டு டொராண்டோ மாநகரம், சமூக சேவைகளும் வசதிகளும் போதாத 13 முன்னுரிமைப் பகுதிகளை அடையாளம் கண்டபோது, அவற்றில் டோர்செட் பார்க்கும் ஒன்றாக இருந்தது.

நகர மைய அரங்குகளுக்குச் செல்வதும் எளிதல்ல. இரண்டுக்கும் இடையே நேர்கோட்டுத் தொலைவு ஏறத்தாழ 15 கிலோமீட்டர்தான். ஆனால் சோதனை இசை நிகழ்ச்சிகள் பல இரவு வெகுநேரம் நீடிப்பவை. சுரங்க ரயில் சேவை நள்ளிரவுக்குப் பின் 1.30 மணியளவில் நின்றுவிடும். 1985 ஆம் ஆண்டு முதல் ஓடிய ஸ்காபரோ இலகு ரயில் சேவை, 2023 ஜூலையில் பெட்டி ஒன்று தடம் புரண்டதை அடுத்து நிரந்தரமாக மூடப்பட்டது. அத்துடன் இப்பகுதிக்கு அருகிலிருந்த எல்ஸ்மியர் நிலையமும் இல்லாமல் போனது. கருவிகளைச் சுமந்துகொண்டு இரவுப் பேருந்தில் திரும்ப வேண்டிய இளைஞர், திருமண மண்டபத்தில் கிடைக்கும் வருமானத்தையே தேர்ந்தெடுப்பதில் வியப்பில்லை.

ஒலி அளவும் ஒரு தடையாக இருக்கிறது. 2019 ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த டொராண்டோ விதிகளின்படி, ஒலிபெருக்கியிலிருந்து அண்டை வீட்டின் வெளிப்புறத்தை அடையும் ஒலி, பகலில் 55 டெசிபலையும் இரவு 11 மணிக்குப் பின் 50 டெசிபலையும் தாண்டக் கூடாது. சுவர்களை ஊடுருவும் தாழ்ந்த அதிர்வெண் ஒலிகளுக்குத் தனி அளவுகோலும் உண்டு. அருகில் வீடுகள் இல்லாத தொழிற்பேட்டைக் கட்டடங்களே இந்த விதிகளுக்குள் அடங்குவதற்கு ஏற்றவை. ஆனால் அவற்றைப் பொது நிகழ்ச்சிகளுக்குப் பயன்படுத்த வலய விதிகளும் தீயணைப்புப் பாதுகாப்பு விதிகளும் இடம் கொடுக்க வேண்டும்.

மாற்றத்துக்கான அறிகுறிகளும் தென்படுகின்றன. நகரின் மையத்தில் மட்டுமே நடந்துவந்த 'நுயி பிளான்ஷ்' என்ற இரவு முழுவதுமான கலை விழா 2018 ஆம் ஆண்டு ஸ்காபரோவுக்கும் விரிவுபடுத்தப்பட்டது. இரவு விடுதிகளைப் பெரும்பாலும் நகர மையத்துக்குள் கட்டுப்படுத்தி வைத்திருந்த விதிகளைத் தளர்த்தி, மற்ற வணிகப் பகுதிகளிலும் அவற்றுக்கு இடமளிக்கும் மாற்றங்கள் 2025 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்தன.

எனினும் விதிகள் தளர்வதால் மட்டும் கேட்பவர்கள் உருவாகிவிட மாட்டார்கள். லாப நோக்குள்ள இரவு விடுதி, தெரிந்த பாடல்களையே விரும்பும். முப்பது பேர் மட்டும் வந்து கேட்கும் நிகழ்ச்சியை மாதந்தோறும் நடத்த, வாடகை குறைந்த ஒரு சமூக அறையும், அதைத் திறந்து வைக்க மனமுள்ள ஓர் அமைப்பும் தேவை. பரதநாட்டியத்துக்கும் மிருதங்கத்துக்கும் வகுப்பறைகளையும் அரங்கேற்ற மேடைகளையும் புலம்பெயர்ந்த மண்ணில் கட்டியெழுப்பியவர்கள் தமிழர்கள். அந்த வகுப்புகளில் பயின்று, வீட்டில் மடிக்கணினியின் முன் அமர்ந்து புதிய ஒலிகளைத் தேடும் பிள்ளைகளுக்கும் அத்தகைய ஓர் அறையை ஒதுக்க முன்வருவார்களா என்பதைப் பொறுத்தே, அந்த ஒலிகள் அக்கம்பக்கத்தாரின் காதுகளை எட்டுமா, அல்லது ஆமதாபாத் நாடாக்களைப் போல அரை நூற்றாண்டு காத்திருக்குமா என்பது அமையும்.